ஃப்ளைட் சிமுலேட்டர்: 2020 பதிப்பே போதுமா, 2024க்கு மாறலாமா? பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி

பாலக்கோடு லோகோ
ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். நான் ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓசூருக்கும் ஓமலூருக்கும் இடையே எத்தனை முறை போய் வந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி, சிவாடி, முத்தம்பட்டி, தொப்பூர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும் என்பதெல்லாம் இன்றும் என் கைக்குத் தெரியும். இப்போது அதே பாதையின் மேலே பறக்கிறேன்.

மகன் 2021இல் வேலைக்காக ஒரு கணினி வாங்கினான். புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது அதை என்னிடம் விட்டுச் சென்றான். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பை நிறுவி, ஜாய்ஸ்டிக் ஒன்றையும் வாங்கித் தந்தவன் அவன்தான். முதல் மாதம் ஆர்வம் இல்லாமல்தான் உட்கார்ந்தேன். மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை வானத்திலிருந்து பார்த்த அன்று மனம் மாறியது. 1934இல் கட்டி முடித்த அணை. என் அப்பா அதன் கதைகளைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அவர் பார்க்காத உயரத்திலிருந்து நான் பார்த்தேன்.

இப்போது மகள் வயிற்றுப் பேத்தியும் என்னோடு பறக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விமானியாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறாள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வகுப்பு தொடங்கும். பெங்களூரு ஹெச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் கிளம்பி, ஓசூர் வரை போய், அங்கிருந்து இருப்புப் பாதையைப் பார்த்தபடியே சேலம் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். நேர்க்கோட்டில் சுமார் 74 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் நாற்பது நிமிடத்தை ஒட்டி ஆகும். தென்கிழக்கு நோக்கிய பறத்தலுக்கான உயர விதிப்படி 5,500 அடியில் போகிறோம். தருமபுரி தாண்டியதும் இடப்பக்கம் சேர்வராயன் மலை எழும்பி நிற்கும். வலப்பக்கம் தொலைவில் மேட்டூர் நீர் மின்னும். சேலம் ஓடுபாதை ஏறக்குறைய 6,000 அடி. முதல் முறை அவள் இறக்கியபோது ஓடுபாதையின் பாதியைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. இப்போது தொடக்கக் கோடுகளைத் தாண்டியதும் இறக்கிவிடுகிறாள்.

அவளுக்கு நான் சொல்லித் தருவதெல்லாம் ரயிலில் கற்றதுதான். புதிய பாதையில் வண்டி எடுக்கும் முன் எங்களுக்கு ‘ரோடு லேர்னிங்’ உண்டு. பாதை தெரிந்தவர் ஓட்ட, பக்கத்தில் நின்று பார்த்துப் பழக வேண்டும். இரவிலும் பார்க்க வேண்டும். அப்படித்தான் அவளையும் பழக்குகிறேன். முதலில் நான் ஓட்டுவேன், அவள் குறிப்பேட்டில் எழுதுவாள். அடுத்த வாரம் அவள் ஓட்டுவாள்.

கேள்விக்கு வருகிறேன். 2024 நவம்பர் 19 அன்று புதிய பதிப்பு வந்தது. அன்றிலிருந்தே மனம் அலைபாய்கிறது. அதில் விமானத்தை விட்டு இறங்கி, நடந்து, சுற்றி வந்து பார்க்கலாம் என்கிறார்கள். எரிபொருளைச் சோதிக்கலாம், மூடிகளைக் கழற்றலாம், சக்கரத்தைப் பார்க்கலாம். இது எனக்குச் சிறிய விஷயம் இல்லை. பணிக்காலம் முழுவதும் இஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்காமல் நான் பொறுப்பேற்றதே கிடையாது. பிரேக் கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஏணியில் கால் வைப்பேன். அந்தப் பழக்கம் பேத்திக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2020 பதிப்பில் அவள் நேராக இருக்கையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

என்னிடம் இருப்பவை: இன்டெல் ஐ5-10400 செயலி, 16 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு வட்டு. அதில் சிமுலேட்டர் மட்டுமே கிட்டத்தட்ட 200 ஜிபியைப் பிடித்திருக்கிறது. இணையம் உள்ளூர்க் கேபிள்காரர் தரும் ஃபைபர். 40 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் தந்தார். காலையில் அது கிடைக்கிறது, மாலை ஆறு முதல் பத்து வரை ஆறு ஏழுக்கு இறங்கிவிடுகிறது. சென்ற ஐப்பசி மழையில் சாலையோரப் புளியமரத்துக் கிளை முறிந்து கம்பி அறுந்தது. இரண்டு நாள் இணையமே இல்லை. ஆனாலும் அந்த ஞாயிறு நாங்கள் பறந்தோம். 2020 பதிப்பில் வரைபடத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே சேமித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஓசூர் முதல் மேட்டூர் வரை நான் அப்படிச் சேமித்து வைத்திருக்கிறேன்.

புதிய பதிப்பின் சாதாரண விலை 70 டாலர். ஓய்வூதியத்தில் அது யோசித்துச் செலவிட வேண்டிய தொகை. இப்போதே மாறலாமா, காத்திருக்கலாமா? காத்திருப்பதென்றால் எதற்காக, எதுவரை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கெலமங்கலம்
ஞாயிறு, இரவு 10.15

ஐயா, வணக்கம். உங்கள் பதிவைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் 2024 பதிப்பில்தான் பறக்கிறேன். மாறுங்கள் என்றே சொல்வேன்.

நீங்கள் சொன்ன அந்தச் சுற்றிப் பார்க்கும் வசதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இறக்கையின் அடியில் குனிந்து பார்க்கிற அளவுக்கு அருகில் போகலாம். தரையும் மாறியிருக்கிறது: புல்வெளியில் இறங்கினால் சக்கரம் இழுப்பது தெரிகிறது. இவற்றையெல்லாம்விட உங்கள் பேத்திக்குப் பயன்படப்போவது அதில் உள்ள தொழில் முறை. முதலில் உரிமத்துக்கான பயிற்சியையும் தேர்வையும் முடித்தால்தான் வேலை கிடைக்கும். பிறகு சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவது, சரக்கு, வயலுக்கு மருந்து தெளிப்பது, நோயாளியை ஏற்றிப் போவது, காட்டுத்தீயை அணைப்பது என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். சும்மா பறந்து சலித்துப்போகும் பிள்ளைகளை அது பிடித்து உட்கார வைக்கிறது. நான் ஹெலிகாப்டரில் ஒகேனக்கல் பள்ளத்தாக்கில் காவிரியோடு வளைந்து வளைந்து போன அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஆனால் என் கணினியில் 32 ஜிபி ரேமும் 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டும் இருக்கின்றன. இதை மறைக்கக் கூடாது. இணையமும் எங்கள் தெருவில் மாலையிலும் வேகம் குறையாமல் கிடைக்கிறது.

காத்திருந்தால் அடுத்தது வரும், அதற்கும் காத்திருப்போம். பேத்தி அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுவாள், ஐயா.


தருமபுரி நான்கு ரோடு
திங்கள், காலை 7.30

ஐயா, நான் நான்கு ரோடு பக்கத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சிமுலேட்டருக்காகவே கணினியைக் கொண்டு வருகிறவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். மேலே நண்பர் சொன்னதில் ஆசை நியாயமானது. உங்கள் பெட்டிக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

2024 பதிப்புக்கு நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சத் தேவை 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970, 10 எம்பிபிஎஸ் இணையம். பரிந்துரைக்கும் அளவு 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2080, 50 எம்பிபிஎஸ். உங்கள் பெட்டி இரண்டுக்கும் நடுவில், கீழ்ப்படிக்கு அருகில் நிற்கிறது. 2020 பதிப்பில் பரிந்துரையே 16 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 970உம்தான். அதனால்தான் அது உங்களிடம் சுகமாக ஓடுகிறது.

செயலி இன்னும் உழைக்கும். அதைத் தொட வேண்டாம். நெருக்கடி முதலில் ரேமில் வரும். அது நிரம்பியதும் கணினி எஸ்எஸ்டியை ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது படம் ஒரு விநாடி நின்று நின்று போகும். சரியாக இறங்கும் நேரத்தில் ஒரு விநாடி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நெருக்கடி கார்டின் 6 ஜிபி. அதைச் சமாளிக்கலாம், படத்தின் நுணுக்கத்தை நடுத்தரத்துக்கோ அதற்கும் கீழோ இறக்கி வைத்தால் போதும்.

ரேம் வாங்குவதானால் ஒன்று கவனியுங்கள். இப்போது 8 ஜிபியில் இரண்டு போட்டிருக்கிறார்களா, 16 ஜிபியில் ஒன்று போட்டிருக்கிறார்களா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். இரண்டாகப் போட்டால்தான் செயலி இரண்டு வழியாகவும் படிக்கும், வேகம் கூடும். ஒன்றே ஒன்று இருந்தால் அதே வகையில் இன்னொன்று வாங்கினால் முடிந்தது. அந்தச் செயலிக்கு டிடிஆர்4 வகைதான். கடையில் டிடிஆர்5 தந்தால் அது பொருந்தாது.

நல்ல செய்தி ஒன்று: 2024 பதிப்பு வட்டில் பிடிக்கும் இடம் குறைவு. தேவை 50 ஜிபி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மீதியெல்லாம் பறக்கும்போதே இணையத்திலிருந்து வரும். 2020ஐ நீக்காமல் பக்கத்திலேயே இதையும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை எடுத்தால் மற்றொன்று போய்விடும் என்ற பயம் வேண்டாம்.


மொரப்பூர் இயற்பியல்
திங்கள், இரவு 9.05

வணக்கம் ஐயா. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கணக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகிறேன்.

பறக்கும்போதே இணையத்திலிருந்து வரும் என்று முந்தைய நண்பர் ஒரு வரியில் சொன்னாரே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் முழுவதும் இறங்கினால் 4.5 ஜிபி. 50 எம்பிபிஎஸ் என்றால் 22.5 ஜிபி. எப்போதும் முழு வேகத்தில் இறங்காது. ஒரே இடத்தைச் சுற்றினால் சேமித்ததையே எடுத்துக்கொள்ளும். ஆனால் இது உச்ச வரம்பு. உங்கள் ஃபைபர் அறுந்த நாளில் கைபேசியின் 2 ஜிபி தினசரி அளவை வைத்து ஓட்டலாம் என்று நினைத்தால், 10 எம்பிபிஎஸ்ஸில் அது அரை மணி நேரம்கூட வராது. நான் ஒருமுறை முயன்றேன். அரூருக்கு மேலே இருந்தபோது தரை மங்கலாகி, பச்சையும் பழுப்புமாகக் கலங்கிவிட்டது. தீர்த்தமலை எது, சித்தேரி மலை எது என்று தெரியவில்லை. அன்று என் கைபேசி இணைப்பை நம்பியதுதான் தவறு.

2020 பதிப்பு விமானங்களையும் அடிப்படை உலகத்தையும் வட்டிலேயே வைத்திருக்கிறது. படங்களைத்தான் வெளியிலிருந்து கேட்கிறது. 2024 பதிப்பு விமானத்தின் பாகங்களையும்கூட வெளியிலிருந்து கேட்கிறது. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்குத் தரையிறங்குகிற உங்கள் வகுப்பு, கேபிள்காரரின் மோசமான நேரத்தில் போய் முடிகிறது. காலை ஆறு மணிக்கு மாற்ற முடியுமா?

உங்கள் பேத்திக்கு ஒரு வேலை தருகிறேன். பெங்களூரு ஹெச்.ஏ.எல். நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரம். அந்த உயரத்தில் தர வெப்பநிலை, அதாவது கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் வெப்பநிலை, 9 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சித்திரை மாதம் 35 டிகிரி என்றால் 26 டிகிரி கூடுதல். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி வீதம் போட்டால் 3,100 அடி. அதை 2,900 அடியோடு கூட்டினால், விமானம் தான் ஏறக்குறைய 6,000 அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். காற்று மெலிந்திருப்பதால் இறக்கைக்கும் இஞ்சினுக்கும் பிடிமானம் குறையும். ஓடுபாதையில் கூடுதலாக ஓட வேண்டும், ஏறுவது மெதுவாகும். சிமுலேட்டரில் வெப்பநிலையைக் கையால் மாற்றி 10 டிகிரியில் ஒருமுறை, 35 டிகிரியில் ஒருமுறை கிளம்பச் சொல்லுங்கள். எத்தனை அடியில் சக்கரம் தரையை விட்டது என்று எழுதச் சொல்லுங்கள். இது 2020 பதிப்பிலேயே முடியும். இதற்கு 70 டாலர் வேண்டாம்.


ஓமலூர் ஓடுபாதை
செவ்வாய், இரவு 11.20

ஐயா, நான் 2006 முதல் இதில் இருப்பவன். அந்த ஆண்டு அக்டோபரில் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். மென்பொருள் தட்டைக் கையில் வாங்கிய மகிழ்ச்சியில் 2004 பதிப்பை நீக்கிவிட்டேன். புதியது என் கணினியில் விநாடிக்கு ஏழெட்டுப் படங்களோடு நகர்ந்தது. அன்றைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கனமாக இருந்தது. பலர் ஆண்டுக்கணக்கில் 2004 பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். 2007இல் இரண்டு திருத்தத் தொகுப்புகள் வந்தன. முதல் தொகுப்பு வந்த பிறகுதான் ஒன்றுக்கு மேற்பட்ட செயலி மையங்களை அது ஒழுங்காகப் பயன்படுத்தியது. இந்த மென்பொருளின் முதல் ஆண்டு எப்போதும் தயாரிப்பவர்களுக்கானது, நமக்கானது இல்லை என்று அன்று முடிவு செய்தேன்.

2024 நவம்பரிலும் அதுவே நடந்தது. முதல் நாள் உலகம் முழுவதும் பலருக்கு மென்பொருள் திறப்பது 97 சதவீதத்திலேயே நின்றுபோனது. 2,00,000 பயனர்கள் வந்தால் தாங்குமா என்று சோதித்துப் பார்த்திருந்தோம், அதையும் மீறிவிட்டது என்று தயாரித்தவர்களே காணொளியில் விளக்கினார்கள். பிறகு வரிசையாகப் பல திருத்தங்கள் வந்திருக்கின்றன; நிலைமை அந்த நாளைப் போல இல்லை. ஆகவே பதிப்பு பழுக்கட்டும் என்று காத்திருப்பதற்கான காரணம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. உங்கள் காரணம் வேறு: உங்கள் ரேம், உங்கள் கம்பி. அவை தானாகப் பழுக்காது.

கெலமங்கலம் நண்பர் சொன்னதோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. காத்திருந்தால் முடிவே வராது என்கிறார். 2009 ஜனவரியில் அந்தச் சிமுலேட்டரை உருவாக்கிய குழுவையே மூடிவிட்டார்கள். அடுத்த பெரிய பதிப்பு 2020 ஆகஸ்டில்தான் வந்தது. அந்தப் பதினோரு ஆண்டும் நாங்கள் பழையதிலேயே பறந்தோம். கற்றதும் அதில்தான். நான் சேலம் ஓடுபாதையில் குறுக்குக் காற்றில் இறங்கப் பழகியது அந்தப் பழைய சிமுலேட்டரில்தான். 2018 மார்ச்சில் சேலத்திலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானம் தொடங்கியபோது கமலாபுரம் வேலியோரம் நின்று அந்த ஏடிஆர் விமானம் இறங்குவதைப் பார்த்தேன். விமானி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்து, கடைசி நொடியில் நேராக்கினார். நான் வீட்டில் நூறு முறை செய்த அதே அசைவு. கண் கலங்கிவிட்டது.

வாங்கும் முன் சோதிக்க வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் மாதச் சந்தாவில் இந்தச் சிமுலேட்டர் உண்டு. ஒரு மாதம் கட்டி உங்கள் வீட்டில், உங்கள் கம்பியில், உங்கள் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் அமைப்புகளைச் சரி செய்யவே இரண்டு மணி நேரம் போய்விடும். உங்களுக்குச் சந்தாதான் சரி.

இணையத்தை நம்பாத வழியும் ஒன்று உண்டு. எக்ஸ்-ப்ளேன் 12 என்ற வேறொரு சிமுலேட்டர். இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் காற்றின் விசையைக் கணக்கிடும் முறை அதனுடையது. கையில் அதன் உணர்வு எனக்குப் பிடிக்கும். நிலப்பரப்பை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும். இலவசமாகச் சோதித்துப் பார்க்கவும் தருகிறார்கள். குறை என்னவென்றால், செயற்கைக்கோள் படம் அதில் இயல்பாக வராது. உங்கள் இருப்புப் பாதை இருக்கும்; முத்தம்பட்டி முத்தம்பட்டியாகத் தெரியாது. உங்களுக்கு அது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.


பாலக்கோடு லோகோ
புதன், காலை 6.10

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பேத்திக்குப் படித்துக் காட்டினேன். மொரப்பூர் அம்மா தந்த கணக்கை அவள் அன்றே போட்டுவிட்டாள். ஞாயிறு வரை பொறுக்கவில்லை. பள்ளி முடிந்து வந்ததும் இரண்டு முறை கிளம்பிப் பார்த்தாள். 35 டிகிரியில் ஓடுபாதையின் ஓரத்து விளக்குகள் கூடுதலாகக் கடந்து போயின. தாத்தா, மலையேற்றத்தில் சரக்கு வண்டி திணறுவது போல இருக்கிறதே என்றாள். தொப்பூர் ஏற்றத்தில் முழு பாரத்தோடு போன வண்டிகளைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டையும் அவளாகவே சேர்த்துப் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தருமபுரித் தம்பி சொன்னபடி பெட்டியைத் திறந்து பார்த்தோம். 8 ஜிபியில் இரண்டு இருக்கின்றன. இன்னும் இரண்டு இடம் காலியாக உள்ளது.

கேம் பாஸ் சந்தா ஒரு மாதத்துக்குக் கட்டிவிட்டேன். ஓமலூர்த் தம்பி, நீங்கள் சொன்ன ஏடிஆர் காட்சியை நானும் பார்த்திருக்க வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.

கெலமங்கலத்துத் தம்பிக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிடும் என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது ஆக வேண்டும், வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வீட்டில் ஓட்டும் மணி எதுவும் அந்த 200இல் சேராது. அது தெரிந்துதான் பழக்குகிறேன். மணியைச் சேர்ப்பதற்காக நான் இதைச் செய்யவில்லை.


பாலக்கோடு லோகோ
நான்காம் ஞாயிறு, இரவு 9.30

சோதித்த முடிவை எழுதுகிறேன். என்னைப் போன்ற கணினியும் என்னைப் போன்ற கம்பியும் உள்ளவர்களுக்குப் பயன்படும்.

முதல் ஞாயிறு மாலை ஐந்து மணி, வழக்கமான நேரம். விமானம் தோன்றவே வெகுநேரம் ஆனது. உள்ளே போய் உட்கார்ந்தபோது மானிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஓசூர் வரை குறையில்லை. ராயக்கோட்டை தாண்டியபோது மணி ஆறு. கீழே இருப்புப் பாதை மறைந்துவிட்டது. தருமபுரி வீடுகள் களிமண் கட்டிகள் போல நின்றன. பேத்தி பாதையைத் தொலைத்துவிட்டாள். திசைகாட்டியைப் பார்த்து ஓட்டு என்றேன். சேலத்தில் இறங்கும்போது ரேம் முழுக்க நிரம்பி இரண்டு முறை படம் நின்றது. சக்கரம் தரையில் அடித்த விதத்தில் அவள் முகம் சுருங்கியது. குற்றம் அவளுடையது இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. கற்கிற பிள்ளைக்குத் தன் தவறு எது, பொறியின் தவறு எது என்று பிரித்துத் தெரியாமல் போனால் அந்த வகுப்பால் பயன் இல்லை.

இரண்டாம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வைத்தோம். நுணுக்கங்களை நடுத்தரத்துக்கு இறக்கினோம். இந்த முறை அருமையாக இருந்தது. ரேம் நெருக்கடி மட்டும் இருந்தது. அவள் விமானத்தைச் சுற்றி நடந்தாள். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். இறக்கையின் ஓரத்தைப் பார், சக்கரத்தைப் பார், காற்று புகும் குழாயின் மூடியை எடு என்று சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தாள். கெலமங்கலத்துத் தம்பி சொன்னதில் ஒரு சொல்லும் மிகை இல்லை.

மூன்றாம் ஞாயிறு மழை. கம்பி போய்விட்டது. 2020 பதிப்பைத் திறந்து, சேமித்து வைத்த பகுதியில் வழக்கம்போலப் பறந்தோம்.

ஆகவே இப்போது 70 டாலர் கொடுக்கப்போவதில்லை. முதலில் ரேம்: 8 ஜிபியில் இன்னும் இரண்டு, பழையதைப் போலவே, தருமபுரித் தம்பி கடையில் சொல்லி வைத்துவிட்டேன். அடுத்தது கம்பி. எங்கள் தெருவுக்குப் புதிதாக இன்னொரு ஃபைபர் இணைப்பு வரப்போகிறது என்கிறார்கள். அது வந்து, தொடர்ந்து ஒரு மாதம் மாலை ஆறு மணிக்கு 20 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் நின்றால் அன்று வாங்குவேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பேத்தி கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மாலையும் வேகத்தை அளந்து எழுதுகிறாள்.

சுற்றிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. 2020 பதிப்பில் இஞ்சின் அணைந்த நிலையில் நிறுத்துமிடத்தில் தொடங்குகிறோம். வெளிக் கேமராவால் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். 2024இல் பார்த்ததை நினைவில் வைத்து, பதினெட்டுப் புள்ளிகளைத் தானே எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றையும் விரலால் திரையில் தொட்டு, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்ப விடுகிறேன்.

இன்று ஒன்பதாவது புள்ளியில் நின்றுவிட்டாள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது அது. இதை எப்படித் தாத்தா திரையில் பார்ப்பது என்று கேட்டாள். எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீரும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொண்டுவந்தேன். தண்ணீர் அடியில் தங்குவதைப் பார்த்துவிட்டு, அதனால்தான் தொட்டியின் அடியிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்களா என்றாள். பத்தாவது புள்ளிக்குப் போனோம்.


கெலமங்கலம்
நான்காம் ஞாயிறு, இரவு 10.40

ஐயா, அந்தப் பதினெட்டுப் புள்ளிகளையும் பேத்தியின் கையெழுத்திலேயே படம் எடுத்துப் போடுங்கள். 2024 பதிப்பில் நான் இவ்வளவு நாளும் ஏழெட்டைத்தான் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.